ஷிலான் காபு: பழைய துணியிலிருந்து அடுத்த தறிக்கு

சீனாவில் வாழும் துஜியா இனமக்களின் மொழியில் ‘ஷிலான்’ என்றால் போர்வை, ‘காபு’ என்றால் பூ. ஹுனான், ஹுபெய், சோங்சிங், குய்ஜோ ஆகிய நான்கும் கூடும் வூலிங் மலைப்பகுதியில் துஜியா பெண்கள் நெய்யும் பூப்போர்வைக்கு இதுதான் பெயர். மகள் சிறுமியாக இருக்கும்போதே தறியில் உட்கார்ந்து, தன் கல்யாணச் சீருக்கான போர்வையைத் தானே நெய்து முடிப்பாள். துஜியா மொழிக்கென்று எழுத்து கிடையாது. நெசவுக் கணக்கும் தாளில் இருந்ததில்லை. அம்மா நெய்த துணியைத் திருப்பிப் போட்டு இழை எண்ணி நெய்வதுதான் படிப்பு.

பாதுகாப்பு வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் துணியைச் சேகரித்து, படம் எடுத்து, பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. எத்தனை இழை, எந்த விழுது (நீள இழைகளைத் தூக்கும் நூல்கண்ணி), எந்த வரிசையில் எந்த நிறம், அந்தப் பூவுக்கு ஊரில் என்ன பெயர் என்பதெல்லாம் இல்லாமல் பெட்டிக்குள் கிடக்கும் துணியை வைத்து யாராலும் மறுபடி நெய்ய முடியாது. துணியைப் பார்க்காத ஒருவர் உங்கள் பதிவை மட்டும் வைத்து அதே பூவை நெய்ய முடிகிறதா என்பதுதான் தேர்வு. கீழே உள்ள முறை அந்தத் தேர்வில் தேறுவதற்காகவே.

துணி கைக்கு வந்ததும்

துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிசலைத் தைக்காதீர்கள். பழைய போர்வை பொதுவாக மூன்று பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்ததாக இருக்கும். தறியின் அகலம் நெய்பவளின் இரு கைகளுக்கு எட்டும் அளவுதான் என்பதால் வந்த வழக்கம் அது. அந்தத் தையலைப் பிரித்தால் படம் எடுக்க வசதிதான். ஆனால் மூன்று பட்டைகளின் பூவும் ஒன்றோடொன்று எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது என்பதுதான் நெய்தவள் குறுக்கு இழையை எவ்வளவு சீராகத் தட்டி இறுக்கினாள் என்பதற்குச் சாட்சி. பிரித்தால் சாட்சி போய்விடும்.

வெள்ளைப் பருத்தித் துணி விரித்த மேசையில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். ஓரத்தில் அளவுகோலும் நிறஅட்டையும் இருக்க வேண்டும். பிறகு விளக்கை ஒரு பக்கத்தில் தாழ்த்தி வைத்து, வெளிச்சம் துணியின் மேல் சாய்ந்து விழும்படி இன்னொரு படம் எடுங்கள். இழைகளின் மேடுபள்ளம் அதில்தான் தெரியும்.

பூ ஊடையில், அதாவது பூவை உருவாக்கும் குறுக்கு இழையில், கம்பளி இருந்தால் அந்துப்பூச்சியை எதிர்பார்த்தே ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால், துணியைக் கிடங்குக்குள் கொண்டுபோகும் முன்பே பாலிதீன் பையில் காற்றில்லாமல் மூடி, −20 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்தில் விடுங்கள். உடனே திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த துணிமேல் நீராகப் படியும். சாயம் கசிவதும் பூஞ்சை பிடிப்பதும் அப்போதுதான் தொடங்கும். பாச்சை உருண்டை வேண்டாம். அதன் வாடை துணியை விட்டுப் போகாது, திறந்து வேலை செய்பவருக்கும் கெடுதல்.

பின்பக்கத்தைப் படிப்பது

எல்லா வேலையிலும் இதுதான் முக்கியம். இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதில் பிழை வந்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

ஷிலான் காபுவில் பாவு, அதாவது நீளவாட்டு இழை, முழு நீளத்துக்கும் ஓடும். பூ ஊடை அப்படி இல்லை. தேவையான இடத்தில் மட்டும் போய், நிறம் மாறும் இடத்தில் திரும்பிவிடும். அதற்கு நடுவே மெல்லிய தரை ஊடை ஒன்று ஓரத்திலிருந்து ஓரம்வரை போய்த் துணியைக் கட்டிப் பிடிக்கிறது. அதனால்தான் நிறம் மாறும் இடத்தில் கிழிசல்போலப் பிளவு விழுவதில்லை. சீனாவின் கெஸி பட்டுநெசவில் இப்படி ஒரு தரை ஊடை கிடையாது. அங்கே பிளவு இயல்பு. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே கையில் இருப்பது என்ன என்று பாதி தெரிந்துவிடும்.

இன்னொரு சங்கதி: நெய்கிறவள் பார்ப்பது துணியின் முதுகை. முகம் கீழே இருக்கும். ஆகவே முதுகிலிருந்து எண்ணி எடுத்த வரைபடம் நெய்ய நேராகப் பயன்படும். முகத்திலிருந்து எடுத்தால் இடவலம் மாற்றித்தான் தறிக்குக் கொண்டுபோக வேண்டும். இருபுறமும் ஒத்திருக்கும் பூக்களில் இந்தப் பிழை வெளியே தெரியாது. ‘வான்’ எனப்படும் சுழல்குறி ஓடும் பூவிலோ பறவை, குதிரை உள்ள பூவிலோ எல்லாம் எதிர்ப்பக்கம் பார்க்கும். ஒவ்வொரு தாளின் மேலும் ‘முகம்’ அல்லது ‘முதுகு’ என்று பெரிதாக எழுதுங்கள். இதை எழுதாமல் விட்ட வரைபடத்தை நம்பி யாரும் பாவு ஓட்டக் கூடாது.

எண்ணும் முறை இது. ஒரு சென்டிமீட்டர் சதுரம் வெட்டிய கறுப்பு அட்டையைத் துணிமேல் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாவு இழைகளை எண்ணுங்கள். நடுவில் ஒரு முறை, இரண்டு ஓரங்களிலிருந்தும் 5 சென்டிமீட்டர் உள்ளே ஒவ்வொரு முறை. ஓரத்தில் இழை நெருங்கி இருக்கும், எனவே நடு எண்ணிக்கையை முதன்மையாகக் கொள்ளுங்கள், மற்ற இரண்டையும் குறித்து மட்டும் வையுங்கள். ஊடையையும் அப்படியே, தரை ஊடை தனி, பூ ஊடை தனி. ஒரு பூ வரிக்கு எத்தனை தரை ஊடை என்பதை எழுதாமல் விட்டால் மற்ற எண்ணிக்கை எல்லாம் வீண்.

பிறகு பூவின் மிகச் சிறிய படி எது என்று பாருங்கள். பூவில் ஒரு கொக்கி வளைகிற இடத்தில் பூ ஊடை எத்தனை பாவு இழை தாண்டி நகர்கிறதோ, அதுதான் ஒரு கட்டம். பத்துக் கட்டம் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர், பத்துக் கட்டம் உயரத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளவிடுங்கள். அகலம் 25, உயரம் 20 என்று வந்தால் 5-க்கு 4 விகிதத்தில் கட்டம் போட்ட தாள் வேண்டும். கடையில் கிடைக்கும் சதுரக் கட்டத் தாளில் வரைந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பூ உயரமாக நீண்டு தெரியும். யாராவது ‘அழகாக்குகிறேன்’ என்று ஒரு வரியைக் குறைப்பார். ஒரு பூவின் வடிவம் ஒரு தலைமுறையில் மாறிப்போக இது போதும்.

நெசவு எந்த வகை என்பதையும் எழுதுங்கள். கறுப்பு வெள்ளை போன்று குறைந்த நிறத்தில் வெற்று நெசவில் வரும் பூ ஒரு வகை. சாய்வு நெசவில் பல நிறங்களோடு வருவது இன்னொரு வகை. இரண்டுக்கும் விழுது கட்டும் முறை வேறு. பூவின் படத்தை மட்டும் பார்த்து ஒன்றை இன்னொன்றாக நெய்துவிட்டால் தூரத்திலிருந்து ஒன்றுபோல இருக்கும், கையில் எடுத்தால் துணியின் கனமும் விழுகையும் வேறாக இருக்கும்.

கடைசியாக, பின்பக்கத்தில் தொங்கும் நுனிகளில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சென்டிமீட்டர் நூல் எடுத்து எரித்துப் பாருங்கள். முடி கருகும் வாடையும் கையில் பொடியும் சாம்பலும் என்றால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரிகிற வாடையும் மெல்லிய சாம்பல்நிறத் தூளும் என்றால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் செயற்கை நூல். செயற்கை நூல் இருந்தால் துணி அண்மைக் காலத்தது, அல்லது பின்னால் பழுதுபார்த்தது. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். பூவின் கணக்கு பழையதாகவே இருக்கலாம்.

தறி

இது சாய்வான மரச்சட்டத் தறி. குழித்தறியில் பாவு படுத்திருக்கும், இங்கே நெய்பவளின் இடுப்பிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து ஏறும். துணி சுருளும் கட்டை நெய்பவளின் வயிற்றோடு ஒட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு வார் அவள் முதுகைச் சுற்றி வரும். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். பாவின் விறைப்பு முழுக்க உடம்பில்தான் இருக்கிறது. அதனாலேயே வெறும் அளவுகளை வைத்து இந்தத் தறியை ‘பதிவு செய்துவிட்டோம்’ என்று சொல்ல முடியாது. நெய்பவளின் உயரம், உட்காரும் பலகையின் உயரம், அவள் சாயும் கோணம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

பதிவில் தவறாமல் வர வேண்டிய உறுப்புகள்: பாவுக்கட்டை, மூங்கில் பல் வைத்த அச்சு, பாவை இரண்டாகப் பிரித்து வைக்கும் பருத்த மூங்கில் குழாய், விழுதுக் கோல், விழுதைத் தூக்கும் நெம்புகோல், அதோடு கயிற்றால் இணைந்த மிதி. அந்த நெம்புகோலுக்கு ஊரில் ‘மீன்’ என்று பெயர். தரை ஊடையைக் கொண்டுபோவதும் அதை அடித்து இறுக்குவதும் ஒரே கருவிதான், ‘ஸுவோலுவோ’ என்பார்கள். நாடாவும் வாளும் சேர்ந்தது போன்ற நீளமான கட்டை. பூ எடுக்க, மாட்டுக்கொம்பில் செய்த கூர்முனை உண்டு. கொம்புக்குப் பதில் உலோக ஊசியோ பிளாஸ்டிக்கோ கொடுப்பவர்கள் உண்டு. உலோகம் பாவு இழையைச் சீவும், பிளாஸ்டிக் வறண்ட நாளில் இழையை ஒட்டி இழுக்கும். கொம்பு கிடைக்காவிட்டால் நன்றாக இழைத்த மூங்கில் நல்லது.

நூல் முறுக்குவதிலிருந்து பூ நெய்வதுவரை மொத்தம் பன்னிரண்டு படிகள் என்று கணக்குச் சொல்வார்கள். நூல் முறுக்கல், சாயம், கண்டு சுற்றல், பாவு ஓட்டல், அச்சில் கோத்தல், பாவு சுருட்டல், விழுது எடுத்தல் என்று போகும். கேமரா கடைசிப் படியில்தான் நிற்கும், ஏனென்றால் பார்க்க அழகு அங்கே. தொலைந்துபோவது நடுவில் இருப்பவை, குறிப்பாக விழுது எடுப்பதும் மூங்கில் குழாயைப் புரட்டி, பாவு இழைகள் பிரிந்து திறக்கும் வாயை ஒழுங்குபடுத்துவதும். ஒரு பாவுக்கு ஒரு முறைதான் செய்வார்கள் என்பதால், பார்க்கவே வாய்ப்புக் குறைவு. புதுப் பாவு ஏற்றும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்றைக்குப் போங்கள்.

பாவுக் கணக்கு

பழைய துணியை மறுபடி நெய்வதென்றால் அதில் எண்ணியதே கணக்கு. பழகுவதற்கான பாவு ஒன்றுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். முடிந்த அகலம் 40 சென்டிமீட்டர் வேண்டும். நெய்யும்போது ஓரம் உள்ளே இழுக்கும், அதற்கு 2 சென்டிமீட்டர் சேர்த்து அச்சில் 42. சென்டிமீட்டருக்கு 12 இழை என்றால் 504 இழை. மூன்று பட்டை, ஒவ்வொன்றும் 150 சென்டிமீட்டர் என்றால் 450. ஊடை ஏறி இறங்குவதில் பாவு குறையும், அதற்கு 45. தறியில் கட்டவும் கடைசியில் நெய்ய முடியாமல் மிஞ்சவும் 70. ஆரம்பத்தில் தட்டு பழக 35. மொத்தம் 6 மீட்டர். 504 இழை, 6 மீட்டர் என்றால் 3,024 மீட்டர் நூல். இரட்டை முறுக்கு 20-ஆம் நம்பர் பருத்தியில் இது ஏறக்குறைய 180 கிராம். 210 வாங்குங்கள். பாதியில் நூல் போதாமல் வேறு சாயத்தொட்டி நூலைச் சேர்த்தால் நிறம் காட்டிக்கொடுக்கும்.

மூன்று பட்டைகளையும் ஒரே பாவில் நெய்துவிட வேண்டும். தனித்தனிப் பாவில் நெய்தால் ஒன்றுக்கொன்று விறைப்பு மாறி, தைக்கும்போது பூ பொருந்தாது.

பாவுக்குக் கறுப்பு, அடர்நீலம், சிவப்பு மூன்றில் ஒன்று வழக்கம். பாவு நிறம் பூக்களின் ஓரக்கோட்டில் எட்டிப் பார்க்கும். எனவே அது வெறும் பின்னணி என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். ஓட்டிய பாவுக்கு மெல்லிய அரிசிக் கஞ்சி போடுங்கள். விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கக் கூடாது. கஞ்சி கெட்டியானால் இழைகள் ஒட்டிக்கொண்டு, கொம்புமுனை ஒரு இழைக்குப் பதில் இரண்டைத் தூக்கும்.

நெய்யும் சுற்றும், அதில் வரும் கோளாறுகளும்

மிதியை அழுத்தினால் பாவில் வாய் திறக்கும். கொம்புமுனையால் வரைபடத்தின் முதல் வரிப்படி இழைகளைத் தூக்குங்கள். தூக்கிய இடத்தில் அந்த நிறப் பூ ஊடையை விரலால் நுழையுங்கள். பக்கத்து நிறம், அதற்கடுத்த நிறம் என்று வரி முடியும்வரை. ஒரு வரியில் பத்துப் பதினைந்து சிறு கண்டுகள் தொங்கும். அவற்றைக் கலைத்துப் போடாமல் இடத்துக்கு இடம் விட்டுவையுங்கள். அச்சை இழுத்து ஒரு தட்டு. பிறகு வாயை மாற்றி, தரை ஊடையை ஓரத்திலிருந்து ஓரம் ஓட்டி, ஸுவோலுவோவால் அழுத்தமாக ஒரு தட்டு. எத்தனை பூவுக்கு எத்தனை தரை என்பதற்கு எண்ணிய தாளைப் பாருங்கள்.

முதலில் வருகிற கோளாறு, ஓரம் உள்வாங்குவது. தரை ஊடையை நேராக இழுத்து விறைப்பாக வைத்தால் இது உறுதி. சாய்வாகப் போட்டு, பிறகு தட்டுங்கள். துணியை அகலமாகப் பிடித்து நிறுத்தும் மூங்கில் குச்சியை 3 சென்டிமீட்டருக்கு ஒரு முறை முன்னே நகர்த்துங்கள். சோம்பல்பட்டு 10 சென்டிமீட்டர்வரை விட்டால், ஓர இழைகள் அச்சில் உரசி அறுந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது, கொக்கிகள் நீண்டுபோவது. காலையில் நெய்ததும் மாலையில் நெய்ததும் உயரம் மாறி இருக்கும். காரணம் இடுப்பு. களைத்த உடம்பு முன்னால் சரியும், பாவு தளரும், ஊடை சரியாக நெருங்காது. பத்து வரியின் சரியான உயரத்தை ஒரு மூங்கில் சில்லில் கீறி வைத்துக்கொண்டு, பத்து வரிக்கு ஒரு முறை வைத்துப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் மாறினால் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள், தட்டைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். நாற்பத்தெட்டுக் கொக்கிப் பூவில் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவில் வர வேண்டும். சரிக்கட்டினால் ஒரு பாதி சப்பையாகவும் இன்னொரு பாதி நீட்டாகவும் நிற்கும்.

எண்ணிக்கைப் பிழை உடனே தெரியாது என்பது அதன் கொடுமை. ஒரு இழை தள்ளி எடுத்தால் ஏழெட்டு வரி கழித்து, கொக்கிகள் நடுக்கோட்டில் சந்திக்காதபோதுதான் கண்ணில் படும். நடுப் பாவு இழையில் வேறு நிற நூலைத் தளர்வாகக் கட்டி வைத்து, ஒவ்வொரு வரியையும் ஓரத்திலிருந்து அல்ல, அந்த நடு இழையிலிருந்து இருபக்கமும் எண்ணுங்கள். பிழை தெரிந்தால் கத்தரிக்க வேண்டாம். பூ ஊடைகளைப் பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றாக உருவி, தரை ஊடையை அவிழ்த்துக்கொண்டே திரும்பி வாருங்கள். கத்தரித்தால் கூடவே பாவு அறுபடும்.

பூ ஊடையை இறுக்கினால் துணி சுருங்கி மேடு விழும். தளர்த்தினால் முகத்தில் வளையங்கள் தொங்கும். முகம் கீழே இருப்பதால் அவை நெய்பவரின் கண்ணில் படாது. பழகும் காலத்தில் துணிக்கு அடியில் கைக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கை பழகிய பிறகு விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

சாயம்

பழைய துணியை ஒத்த நிறம் வேண்டுமென்றால் வெளியே தெரியும் முகத்தைப் பார்க்காதீர்கள். மூன்று பட்டைகளைத் தைத்த மடிப்புக்குள் வெளிச்சம் படாமல் இருக்கும் நிறத்தைப் பாருங்கள். தையலைப் பிரிக்காமலே சற்று விலக்கினால் தெரியும்.

நீலம் அந்த மலைப்பகுதியில் விளையும் நீலச்செடியின் புளித்த கரைசலிலிருந்து வருகிறது. சுண்ணாம்புத் தொட்டி என்பதால் பருத்திக்குச் சரி, கம்பளியை முரடாக்கும். மஞ்சளுக்குக் கார்டேனியா காய். 100 கிராம் நூலுக்கு 50 கிராம் உலர்ந்த காய் போதும். நிறம் அபாரமாக இருக்கும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். வெளுக்கும் என்பதையும் பதிவில் எழுதுங்கள், அடுத்தவர் அதைத் தம் தவறு என்று நினைக்காதிருக்க. சிவப்புக்கு மஞ்சிட்டி வேர் நூலின் எடைக்குச் சம எடை. கம்பளியாக இருந்தால் 100 கிராமுக்குப் படிகாரம் 10 கிராம் போட்டு முதலில் ஊறவைத்துச் சூடாக்கி ஆறவிடுங்கள். மஞ்சிட்டித் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு பழுப்பாகிவிடும். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

கறுப்புதான் ஆபத்து. வூலிங் மலையில் கிடைக்கும் பூச்சிக்கழலையில் (பூச்சியால் செடியில் உண்டாகும் புடைப்பு) டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. அதோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பு சேர்ந்தால் ஆழ்ந்த கறுப்பு. 100 கிராம் நூலுக்குக் கழலை 20 கிராம், அன்னபேதி 2 முதல் 4 கிராம். இன்னும் கறுப்பாகட்டும் என்று அன்னபேதியைக் கூட்டினால் இரும்பு நாரையே தின்றுவிடும். பழைய துணிகளில் மற்ற நிறமெல்லாம் பிழைத்திருக்க, கறுப்பு இழை மட்டும் பொடியாக உதிர்ந்திருப்பது இதனால்தான். பாவே கறுப்பாக இருந்து இப்படி ஆனால் துணியே போய்விடும். தோய்த்த பின் ஓடும் தண்ணீரில் பல முறை அலசுங்கள்.

பெயரும் குரலும்

பூக்களின் பெயர்கள் துஜியா மொழிச் சொற்கள் ஒளிந்திருக்கும் இடம். ‘மாபி’ பூவில் மாபி என்பது குதிரைக்குட்டி. சீன எழுத்தில் எழுதும்போது ஓசைக்கு ஏதோ இரண்டு எழுத்தைப் போட்டு எழுதிவிடுகிறார்கள். பிறகு வருபவர் அந்த எழுத்துகளின் பொருளை வைத்துப் பூவுக்கு ஒரு கதை கட்டுகிறார். அதனால் பெயரை மூன்று விதமாகப் பதியுங்கள்: நெய்பவர் வாயால் சொல்லும் ஒலிப்பதிவு, உச்சரிப்புக் குறியீட்டில் எழுதிய வடிவம், உள்ளூர்ச் சீன வழக்கில் அவர்கள் சொல்லும் பெயர். ஒரே பூவுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருந்தால் எல்லாவற்றையும் வையுங்கள், ‘சரியான பெயர்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை நம்முடையதல்ல.

எதற்குப் பயன்படும் பூ என்பதும் பெயரோடு சேர வேண்டும். ‘தாய்தாய்’ பூ குழந்தையின் தொட்டில் மூடுதுணியில் மூன்று பக்கமும் கரையாக வரும். நண்டுப் பூ, குரங்குக்கை, கல்சுவர், நாற்காலி என்று வீட்டுக்கும் வயலுக்கும் சொந்தமானவையாகப் பெயர்கள் நீள்கின்றன. தொட்டில் கரையை மேசை விரிப்பின் நடுவே போட்டு விற்பது விற்பவர் விருப்பம். பதிவில் மட்டும் அது தொட்டிலோடுதான் இருக்க வேண்டும்.

படப்பிடிப்புக்கு மூன்று கேமரா போதும். தோளுக்கு மேலிருந்து கைகளை, பக்கவாட்டில் இடுப்பின் அசைவை, கீழிருந்து மிதியை. ஒரு பூ முழுதாக முடியும்வரை வெட்டாமல் எடுங்கள். நெய்பவர் வாய்க்குள் முணுமுணுக்கும் எண்ணிக்கை தெளிவாகக் கேட்க வேண்டும், ஆகவே ஒலிவாங்கி ஆடையில் இருக்கட்டும். கோப்புகளை மூன்று பிரதியாக, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். யார் பார்க்கலாம், யார் விற்கலாம் என்பதற்கு நெய்பவரின் ஒப்புதலை அவர் மொழியில் பதிவு செய்த பிறகே கேமராவைத் திறக்க வேண்டும்.

கற்றுக்கொடுப்பது

கொக்கிப் பூக்கள் குடும்பமாக வருகின்றன: எட்டு, பன்னிரண்டு, இருபத்துநான்கு, நாற்பத்தெட்டு. நடுவில் எட்டுக் கொக்கி, அதைச் சுற்றி அடுக்கடுக்காக மற்றவை. பாடம் தானாகவே வரிசையாக அமைந்திருக்கிறது. முதலில் பூவே இல்லாத வரிப்பட்டைகள், 15 சென்டிமீட்டர் அகலத்தில், ஓரம் நேராக வரும்வரை. பிறகு எட்டுக் கொக்கி, இரண்டு நிறத்தில். அதை வரைபடம் பார்த்து ஒரு முறை, துணியைத் திருப்பி எண்ணி ஒரு முறை, இரண்டும் இல்லாமல் ஒரு முறை. மூன்றாவது வந்த பிறகே பன்னிரண்டுக்குப் போக வேண்டும். வரைபடத்திலேயே நின்றுவிட்டவரால் படம் இல்லாத புதுத் துணி ஒன்று கண்டெடுக்கப்பட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

பழகுபவர் நெய்த ஒவ்வொரு பூவிலும் ஒன்றை வெட்டாமல் ஒரே நீளப் பட்டையில் சேர்த்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். பிழைகளோடுதான். ஐந்தாறு ஆண்டில் அது அவருடைய அகராதியாகிவிடும்.

யாரிடம் கற்றார் என்பதும் பதிவில் வர வேண்டும். ஹுனானின் லொங்ஷான் மாவட்டத்து நெசவாளர் யெ யூட்சுய்யிடம் கற்றவர் யெ ஷுய்யுன். அவரும் அதே மாவட்டத்தின் லியூ தாய்எவும் தேசிய அளவிலான மரபுரிமையாளர்களாக அறிவிக்கப்பட்டவர்கள். துஜியா நெசவு 2006-இல் சீனாவின் முதல் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2011 ஜூன் 1 முதல் நடப்பிலிருக்கும் சீனாவின் அருவப் பண்பாட்டு மரபுச் சட்டப்படி மரபுரிமையாளர்கள் அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தர வேண்டும், தம்மிடமுள்ள பொருள்களையும் ஆவணங்களையும் காக்க வேண்டும். தேசிய மரபுரிமையாளருக்கு ஆண்டுக்கு 20,000 யுவான் உதவித்தொகை உண்டு. இந்தத் தொகை நூலுக்கும் வகுப்புக்கும் உதவும். ஒரு மாணவிக்கு மாதச் சம்பளமாக இதை எண்ணித் திட்டம் போட்டால் அடுத்த ஆண்டே தறி காலியாகிவிடும். பழகும் இரண்டு ஆண்டுக்கான வருமானத்தைத் தனியே ஏற்பாடு செய்துகொண்டுதான் ஆள் சேர்க்க வேண்டும்.

விசைத்தறியில் அச்சடித்ததுபோல் வரும் ‘ஷிலான் காபு’ கைநெசவோடு ஒரே மேசையில் விற்கப்படுகிறது. இரண்டையும் பிரித்துக்காட்ட நீண்ட விளக்கம் தேவையில்லை, துணியைத் திருப்பிக் காட்டினால் போதும். விசைத்தறித் துணியின் முதுகில் நிறநூல்கள் ஓரத்திலிருந்து ஓரம் ஓடும். கைநெசவில் நிறம் தன் பூவோடு நின்று திரும்பும். விற்கும் சீட்டில் முகத்தின் படத்தோடு முதுகின் படத்தையும் அச்சிடுங்கள்.

வைப்பு

பதிவு முடிந்த துணியை மடிக்காமல் சுருட்டுங்கள். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய், துணியின் அகலத்தைவிட நீளமாக. அமிலமில்லாத தாளைக் குழாயின்மேல் சுற்றி, பாவு போகும் திசையில், பூமுகம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். உள்ளே இருந்தால் பூ ஊடைகள் நெரிந்து சுருக்கம் விழும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும். வூலிங் மலையின் கோடையில் அது 65-ஐச் சுலபமாகத் தாண்டும், பூஞ்சைக்கு அது அழைப்பு. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் வைத்து மாதம் ஒரு முறை பாருங்கள். காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸுக்குள், ஆண்டில் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம்.

குழாயின் வெளியே கட்டும் சீட்டில் துணியின் எண், வரைபடத்தின் எண், ஒலிப்பதிவின் எண், அதை மறுபடி நெய்தவரின் பெயர், நெய்த தேதி ஐந்தும் இருக்க வேண்டும். கடைசி இரண்டு இடமும் காலியாக இருக்கும் குழாய்களைத் தனி அடுக்கில் வையுங்கள். அடுத்த பாவு ஓட்டும்போது அந்த அடுக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.